எஸ்தோனிய இளம் இசைக் கலைஞர்களைச் சேலத்தில் வாசிக்க வைப்பது எப்படி

சேலத்திலோ ஏற்காட்டிலோ உள்ள ஒரு பள்ளி, இசைச் சபை அல்லது நண்பர் குழு, பால்டிக் கடலோர நாடான எஸ்தோனியாவின் இளம் மேற்கத்தியச் செவ்வியல் இசைக் கலைஞர்களை அழைத்து மாலையில் ஒரு சேம்பர் இசைக் கச்சேரி நடத்த விரும்பினால், முதலில் தேட வேண்டியது கூடத்தைத்தான். கலைஞர்களுக்குக் கடிதம் எழுதுவதும் நிகழ்ச்சி நிரல் தயாரிப்பதும் அதற்கு அடுத்த வேலைகள். சேம்பர் இசை என்பது இரண்டு பேர் முதல் எட்டு, ஒன்பது பேர் வரை, பெரும்பாலும் முன்னால் நின்று கையசைத்து வழிநடத்துபவர் இல்லாமல், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தும் ஒருவர் மூச்சை ஒருவர் கேட்டும் வாசிக்கும் இசையாகும். ஒவ்வொரு வாத்தியத்துக்கும் எழுதப்பட்ட பகுதியை ஒரே ஒருவர்தான் வாசிக்கிறார் என்பதால், வில் கம்பியைத் தொடும் மெல்லிய உராய்வு உட்பட அனைத்தும் கேட்பவரின் காதுக்கு நேராக வந்து சேர வேண்டும். ஒலிபெருக்கி வைத்தால் இந்த நெருக்கம் போய்விடும். ஆகவே, மைக் இல்லாமல் கடைசி வரிசை வரை கேட்கும் கூடம் என்பதே முதல் நிபந்தனை.

நேரு கலையரங்கம் போன்ற பெரிய அரங்குகளை இதற்காக எடுக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நூறு பேர் நெருக்கமாக அமரக்கூடிய, உயரமான கூரையும் கல் அல்லது மரத் தரையும் கொண்ட கூடமே போதும். பழைய தேவாலயங்கள், மலைப்பள்ளிகளின் பிரார்த்தனைக் கூடங்கள், காப்பித் தோட்டத்துப் பங்களாக்களின் முன்கூடங்கள் ஆகியவை பெரும்பாலும் இதற்குப் பொருந்திவரும். கச்சேரி நடக்கவிருக்கும் அதே மாலை நேரத்தில் அங்கு சென்று, மேடையில் ஒருவரைச் சாதாரணக் குரலில் பேசச் சொல்லிவிட்டுக் கடைசி வரிசையில் அமர்ந்து கேளுங்கள். பிறகு அவரை நிறுத்தச் சொல்லிவிட்டு, இரண்டு நிமிடம் பேசாமல் இருந்து, வெளியிலிருந்து என்னவெல்லாம் கேட்கிறது என்று கவனியுங்கள். குகை, அம்மாப்பேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் என்றால் தறிச் சத்தம் வரக்கூடும். ஏற்காட்டில் தகரக் கூரை என்றால் ஒரு தூறல் விழுந்தாலும் வயலின் காணாமல் போய்விடும்.

மின்விசிறியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அது இசைத்தாளைப் பறக்கவிடும். அதன் இரைச்சல் மிக மெல்லிய ஸ்வரங்களை விழுங்கிவிடும். விசிறியை நிறுத்திவிட்டுச் சேலத்தில் ஏப்ரல் மாதம் யாரும் ஒரு மணி நேரம் உட்கார முடியாது. இந்த ஒரு காரணமே தேதியைப் பெருமளவு முடிவுசெய்துவிடுகிறது. கோட்டை மாரியம்மன் பண்டிகையை ஒட்டி ஆடி மாதம் முழுவதும் ஊரெங்கும் ஒலிபெருக்கி ஒலிக்கும் என்பதால் அந்த மாதமும் ஆகாது. மே மாதத்தில் கோடை விழாக் கூட்டத்தால் ஏற்காட்டுச் சாலை நிரம்பியிருக்கும். ஐப்பசியும் கார்த்திகையும் மழைக்காலம். மீதமிருப்பவற்றில் ஜனவரி பிற்பகுதியும் பிப்ரவரியும் நல்லவை. எஸ்தோனியா 1918-ஆம் ஆண்டு விடுதலையை அறிவித்த நாள் பிப்ரவரி 24 என்பதால், அந்த வாரத்தில் வைத்தால் வருபவர்களுக்கும் அது மனத்துக்கு நெருக்கமான நாளாக அமையும்.

அடுத்து, எத்தனை பேரை, எந்த வாத்தியங்களோடு அழைப்பது என்பது. பியானோ சேர்ந்த நிகழ்ச்சி என்றால், நல்ல நிலையில் உள்ள பியானோவும், அதைக் கச்சேரி நாளன்று சுருதி சேர்க்க ஒரு தொழில்நுட்பரும் வேண்டும். இரண்டையும் சென்னையிலிருந்தோ பெங்களூரிலிருந்தோ வரவழைக்க நேர்ந்தால் செலவு கைமீறிப் போகும். எனவே முதல் முறை நடத்துபவர்கள், இரண்டு வயலின், வயலினைவிடச் சற்றுப் பெரிய ஒரு வியோலா, அதைவிட மிகப் பெரிய ஒரு செல்லோ கொண்ட நால்வர் குழுவை அழைப்பதே நல்லது. கைப்பிடி இல்லாத, ஒரே உயரமுள்ள நான்கு நாற்காலிகள், நான்கு இசைத்தாள் தாங்கிகள், அவற்றில் மாட்டக்கூடிய பேட்டரி விளக்குகள், தாளைப் பிடித்துவைக்கச் சாதாரணத் துணிக் கிளிப்புகள் ஆகியவை இருந்தால் மேடை தயார். மின்சாரம் போனாலும் கச்சேரி நிற்காது.

கலைஞர்களைத் தேடுவதற்கு, எஸ்தோனியத் தலைநகர் தாலினில் உள்ள எஸ்தோனிய இசை மற்றும் நாடகக் கழகமே சரியான தொடக்கம். 1919-இல் தொடங்கப்பட்ட அந்த உயர்கல்வி நிறுவனத்தின் மாணவர்களும் அண்மையில் பட்டம் பெற்றவர்களும் சேர்ந்து அமைக்கும் சிறு குழுக்கள், படிப்பின் பகுதியாகவே சேம்பர் இசையைப் பயில்கின்றன. படைப்புகளின் விவரங்களை அறியத் தாலினிலேயே எஸ்தோனிய இசைத் தகவல் மையம் இருக்கிறது. புது தில்லியில் உள்ள எஸ்தோனியத் தூதரகத்துக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். சுற்றுலா விசாவில் வந்து மேடை ஏறக் கூடாது என்பதால், எந்த விசா பொருந்தும் என்பதை இந்தியத் தூதரகத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற்ற பிறகே பயணச்சீட்டு வாங்க வேண்டும். செல்லோவுக்கு விமானத்தில் தனி இருக்கை வாங்க வேண்டியிருக்கும் என்பதைச் செலவுக் கணக்கில் முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

நிகழ்ச்சி நிரலில்தான் அழைப்பவரின் ரசனைக்கு உண்மையான வேலை இருக்கிறது. சுமார் 13 லட்சம் மக்கள் மட்டுமே வாழும் அந்த நாட்டில், 1869-ஆம் ஆண்டு தார்த்து நகரில் தொடங்கிய பாடல் திருவிழா இன்றும் தொடர்கிறது. 1980-களின் கடைசியில் சோவியத் ஆட்சிக்கு எதிராக மக்கள் திரண்டு பாடியே போராடினார்கள். 1991-இல் சுதந்திரம் மீண்டது. அங்கு வளர்ந்த ஒரு வயலின் கலைஞருக்குப் பாடுவது என்பது வகுப்பறைப் பாடம் மட்டுமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே, மோட்சார்ட், பீத்தோவன் படைப்புகளை மட்டும் வாசிக்கச் சொல்லி அவர்களை அனுப்பிவிடாமல், அவர்கள் நாட்டு இசையைக் கேளுங்கள். ஐந்து நால்வர் இசைப் படைப்புகளை எழுதியவரும் பல தலைமுறை இசையமைப்பாளர்களின் ஆசிரியருமான ஹைனோ எல்லெரின் (1887–1970) ஒரு பகுதியோடு தொடங்கலாம். அடுத்ததாக, அவரிடம் பயின்ற ஆர்வோ பேர்ட்டின் ‘ஃப்ராத்ரெஸ்’ வரலாம்.

1935-இல் பிறந்த பேர்ட், 1976-இல் தமக்கென ஒரு முறையைக் கண்டடைந்தார். அதில் இசையின் ஓர் இழை படிப்படியாக ஏறியிறங்க, மற்றொரு இழை ஆதார சுருதியைச் சார்ந்த மூன்று ஸ்வரங்களுக்குள் மட்டுமே நிற்கிறது. 1977-இல் முதலில் எழுதப்பட்ட ‘ஃப்ராத்ரெஸ்’ படைப்பின் நால்வர் வடிவத்தில், தொடக்கம் முதல் இறுதி வரை ஒரு ஐந்தாம் இடைவெளி, அதாவது நம் ச–ப, விடாமல் ஒலித்துக்கொண்டே இருக்கும். தம்பூராவைக் கேட்டு வளர்ந்த நம் ரசிகர்களுக்கு இந்தப் படைப்பில் நுழைய இதைவிடச் சிறந்த வாசல் கிடையாது. வாசிப்பதற்கு முன் இரண்டாம் வயலின் கலைஞரை அந்தச் சுருதியை மட்டும் அரை நிமிடம் வாசித்துக் காட்டச் சொல்லுங்கள். கூடம் தானாக அமைதியாகும்.

புதிய படைப்பு ஒன்று கட்டாயம் இருக்க வேண்டும். எஸ்தோனிய இசையமைப்பாளர் எர்க்கி-ஸ்வென் ட்யூரின் 2012-ஆம் ஆண்டு நால்வர் இசையான ‘லாஸ்ட் பிரேயர்ஸ்’ கடினமானதுதான், ஆனால் நன்கு தயாரான குழு அதைத் தயங்காமல் வாசிக்கும். அதைவிட நல்லது, வரும் குழுவின் நண்பரான ஓர் இளம் இசையமைப்பாளரிடம் ஆறேழு நிமிடப் படைப்பு ஒன்றை எழுதித்தரக் கேட்டு, அதற்கு முறையான சன்மானமும் தருவது. எஸ்தோனிய இசையமைப்பாளர்கள் சங்கம் 1979 முதல் புதிய இசைக்கென்றே விழா நடத்தி வருகிறது. புதிதாக எழுதுவதும் உடனே வாசிப்பதும் அவர்களுக்குப் பழகிய நடைமுறை. கடைசி நேரத்தில் நாதஸ்வரத்தையோ தவிலையோ சேர்த்து ஏதாவது செய்து காட்டுங்கள் என்று கேட்காதீர்கள். இரு தரப்பும் பல நாள் சேர்ந்து உழைக்காமல் அது எடுபடாது.

புதிய படைப்பைக் கேட்க ரசிகர்களைத் தயார்செய்வது நடத்துபவரின் பொறுப்பு. வில்லை, கம்பிகளைத் தாங்கும் ‘குதிரை’ என்ற மரத்துண்டுக்கு மிக அருகில் வைத்து இழுக்கும்போது வரும் கரகரப்பு, கம்பியை அழுத்தாமல் விரலால் தொட்டு எடுக்கும் கண்ணாடி போன்ற ஒலி, வில்லின் மரத்தால் தட்டும் ஓசை ஆகியவற்றை முன்கூட்டியே தனித்தனியாக வாசித்துக் காட்டச் செய்து, தமிழில் இரண்டிரண்டு வாக்கியம் சொன்னால் போதும். நேரம் இடம் கொடுத்தால், அந்தப் படைப்பை மட்டும் இரண்டு முறை வாசிக்கச் சொல்லுங்கள். முதல் முறை புரியாதவருக்கும் இரண்டாம் முறை ஒரு பிடி கிடைக்கும். நிகழ்ச்சி மொத்தம் எழுபது நிமிடத்தைத் தாண்ட வேண்டாம், இடைவேளையும் வேண்டாம்.

கச்சேரி நாளன்று காலையில், கர்நாடக வயலின் கற்கும் பிள்ளைகளை வரவழைத்து ஒரு சந்திப்பு வையுங்கள். நம் பிள்ளை தரையில் அமர்ந்து, வயலினின் தலையைக் கணுக்காலில் ஊன்றி, ச–ப–ச–ப என்று சுருதி சேர்த்து வாசிப்பதையும், வந்தவர் அதே வாத்தியத்தை மோவாய்க்கு அடியில் தாங்கி, நான்கு கம்பிகளையும் அடுத்தடுத்த ஐந்தாம் இடைவெளிகளில் சேர்ப்பதையும் அருகருகே பார்க்கும்போது இரு பக்கமும் கேள்விகள் தாமாகவே பிறக்கும். இந்தப் பிள்ளைகளையே மாலையில் முன் வரிசையில் அமர்த்துங்கள்.

ஏற்காட்டில் கச்சேரி என்றால், சேலத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறியதும் வெப்பமும் ஈரப்பதமும் மாறிவிடும். மர வாத்தியங்கள் உடனே சுருதி கலையும். மேலே போனதும் பெட்டியைத் திறக்காமல் ஒரு மணி நேரம் கூடத்திலேயே வைத்திருக்கவும், கலைஞர்கள் மதியமே வந்து சேரவும் ஏற்பாடு செய்யுங்கள்.

குத்துவிளக்கை வாசலிலேயே ஏற்றிவிடுங்கள். வரவேற்புரை மூன்று நிமிடம் போதும். பொன்னாடையும் நினைவுப் பரிசும் கடைசி இசை முடிந்த பிறகுதான். தாமதமாக வரும் சிறப்பு விருந்தினருக்காக வாசிப்பை நிறுத்தவே கூடாது, அவரை ஒரு படைப்பு முடியும் வரை வெளியில் நிற்க வைக்க ஒருவரைக் கதவருகே நியமியுங்கள். ஒரே ஒரு பக்கத்தில், ஒவ்வொரு படைப்பின் பெயர், ஆண்டு, எத்தனை பகுதிகள், எத்தனை நிமிடம் என்பதைத் தமிழில் அச்சிட்டுக் கொடுத்தால், பகுதிகளுக்கு இடையே கைதட்டலாமா என்ற தயக்கம் நீங்கும். யாராவது நடுவில் கைதட்டிவிட்டால் கடிந்துகொள்ள வேண்டாம். நம் ஊரில் நல்ல சங்கதி வந்தால் அப்போதே பாராட்டுவதுதான் வழக்கம்.

உரிமத்தை மறந்துவிடக் கூடாது. இந்தியச் சட்டப்படி, படைப்பாளர் மறைந்த அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகளுக்குப் பதிப்புரிமை உண்டு என்பதால், 1970-இல் மறைந்த எல்லெரின் இசைகூட 2030 முடியும் வரை பாதுகாப்பில் இருக்கிறது. பேர்ட்டின் படைப்புகளை வெளியிடுவது வியன்னாவின் யுனிவர்சல் எடிஷன். இசைத்தாளை நகல் எடுத்துப் பயன்படுத்தாமல் விலைக்கு வாங்கச் சொல்லி, பொதுமேடையில் வாசிப்பதற்கான அனுமதியையும் முன்பே பெற்றுவிடுங்கள். வெளிநாட்டுக் கலைஞருக்குத் தரும் சன்மானத்தில் வரிப் பிடித்தம் உண்டு; அதை உங்கள் ஆடிட்டரிடம் கேட்டு, கையில் எவ்வளவு கிடைக்கும் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே தெளிவாகக் குறிப்பிடுங்கள். கலைஞர்களின் எழுத்துப்பூர்வ ஒப்புதலுடன் ஒலிப்பதிவு செய்து, புதிய படைப்பின் பதிவை, கூடத்தின் பெயர், தேதி, வாசித்தவர்களின் பெயர்கள் ஆகியவற்றோடு ஒரு வாரத்துக்குள் அந்த இசையமைப்பாளருக்கு அனுப்பிவையுங்கள். அடுத்த குழுவுக்கு அந்த இசைத்தாளைக் கொடுக்கும்போது அவருக்கு அது தேவைப்படும்.