கொடைக்கானல் மேட்டில் கோல்ஃப்: ஸ்விங்கைக் கெடுக்கும் தவறுகள்

கீழேயிருந்து விளையாட வருகிறவர்களைக் கொடைக்கானல் முதல் டீயிலேயே (பந்தை அடிக்கத் தொடங்கும் இடம்) ஏமாற்றிவிடும். ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் காற்று மெலிந்திருப்பதால் பந்துக்குத் தடை குறைவு. சமவெளியில் 200 யார்டு போகிற அடி இங்கே ஏழெட்டு சதவீதம் கூடுதலாக, 215 யார்டு பக்கம் போய் விழும். "இன்னைக்கு நம்ம ஸ்விங் பரவாயில்லையே" என்று நம் வீச்சைப் பற்றித் தோன்றும். அந்தத் தெம்பில் அடுத்த பந்தை இன்னும் ஓங்கி அடித்தால் அது வலப்பக்க மரங்களுக்குள் போய்விடும். 1895-இல் தொடங்கிய கிளப் இது. அன்றிலிருந்து அந்த மரங்களுக்குள் எத்தனை பந்து போயிருக்குமோ! ஒரே காலையில் ஐந்து பந்துகள் என்னுடைய பங்கு.

(இங்கே சொல்வதெல்லாம் வலக்கைக்காரர்களுக்கு. இடக்கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.)

ஓங்கி அடிப்பது என்றாலே நம்மில் பலர் கையால்தான் அடிக்கிறோம். கிளப் (பந்தை அடிக்கும் கோல்) மேலே போனதும் வலத்தோளும் கைகளும் பந்தை நோக்கிப் பாய்கின்றன. கிளப் வெளியிலிருந்து உள்ளே, பந்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு வருகிறது. அதன் முகமும் (பந்தில் படும் பக்கம்) அந்தப் பாதைக்கு வலப்பக்கம் திறந்திருந்தால் பந்து வலப்பக்கம் வளைகிறது. ஸ்லைஸ் என்பது இதுதான். இதற்குக் கைவைத்தியமாக இடப்பக்கம் திரும்பி நின்று குறிபார்ப்பவர்கள் உண்டு. அப்படி நிற்க நிற்க கிளப் இன்னும் குறுக்கேதான் வரும், ஸ்லைஸும் கூடும்.

பூம்பாறைப் பக்கம் பூண்டு மூட்டையை லாரியில் ஏற்றுகிறவரைக் கவனித்திருக்கிறீர்களா? கையை மட்டும் நம்பினால் அவருக்குப் பத்து மூட்டையில் தோள் விட்டுப்போகும். முதலில் கால் ஊன்றும், பிறகு இடுப்பு திரும்பும், நெஞ்சு அதன்பின் வரும், கை கடைசியில்தான் வீசும். கோல்ஃபிலும் அதே வரிசைதான். அதிக தூரம் அடிக்க எடுக்கும் நீளமான கிளப்புக்கு டிரைவர் என்று பேர். அதன் தலை சுமார் 200 கிராம். அதை வீச பயில்வான் புஜம் தேவையில்லை. பந்தும் கிளப்பும் தொட்டுக்கொண்டிருப்பதோ ஒரு நொடியில் ஏறக்குறைய இரண்டாயிரத்தில் ஒரு பங்கு. அதற்குள் கையால் எதையும் சேர்க்கவோ திருத்தவோ முடியாது. அதற்கு முன் கிடைத்த வேகம்தான் வேகம்.

இதற்கு எனக்குப் பலன் தந்த பயிற்சி ஒன்று. 7 அயர்னை (நடுத்தர தூரத்துக்கான இரும்புத் தலைக் கிளப்) எடுத்துக்கொண்டு இரண்டு பாதங்களையும் ஒட்டி வைத்து நில்லுங்கள். கிளப்பைப் பின்னால் கொண்டுபோங்கள். அது மேலே போய்ச் சேர்வதற்குள் இடக்காலை இலக்கின் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்து, அப்புறம் அடியுங்கள். கால் முந்திக்கொள்வதால் கை தானாகவே காத்திருக்கும். முதல் நாள் பந்து கண்டபடி போகும், போகட்டும்.

அடுத்த தவறு, பந்தைத் தூக்கிவிடப் பார்ப்பது. இதை எனக்குக் காட்டியவர் வயதான கேடி (கிளப் பையைச் சுமந்து கூட வருபவர்) ஒருவர். நான் அடித்ததும் எல்லோரும் பந்து போன திசையைப் பார்த்தார்கள். அவர் குனிந்து புல்லைப் பார்த்தார். பந்து இருந்த இடத்துக்கு நாலு விரல் பின்னாலேயே மண் பெயர்ந்திருந்தது. ஈரப்புல்லும் கறுப்பு மண்ணுமாக ஒரு பத்தை என் ஷூவின் மேலேயே கிடந்தது.

"தம்பி, பந்துக்கு முன்னாடியே தரையை அடிச்சிட்டீங்க. பின்னங்கால்லயே நிக்கிறீங்க."

"பந்து மேல எழும்பணும்ல அண்ணே?"

"அதுக்குத்தான் கிளப்பைச் சாய்ச்சு செஞ்சிருக்கான்."

7 அயர்னின் முகம் ஏறத்தாழ முப்பது டிகிரி சாய்ந்தே இருக்கிறது. எழுப்புகிற வேலை அதனுடையது. நாம் பின்னங்காலில் நின்று மணிக்கட்டால் கோரினால், ஒன்று தரையில் இடிக்கும், இல்லையென்றால் பந்தின் தலையில் பட்டு உருண்டு ஓடும். அடிபடும் நேரத்தில் எடை இடக்காலுக்கு வந்திருக்க வேண்டும், கைகள் பந்தைவிடச் சற்று முன்னால் இருக்க வேண்டும். மண் பெயர்வது பந்துக்கு அப்பால் தொடங்கினால் சரி. தரையில் குத்தும் சின்ன முளையின் மேல் (அதற்கும் டீ என்றுதான் பேர்) பந்தை வைத்து டிரைவரால் அடிக்கும்போது மட்டும் இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே மண் பெயரவே கூடாது.

"தலையை அசைக்காதே" என்ற அறிவுரையை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். அதைக் கேட்டுக் கழுத்தை இரும்பாக்கிக்கொண்டு நிற்பவர்களுக்குத் தோள் திரும்புவதே இல்லை. மறுபடியும் கையால்தான் அடிப்பார்கள். தலை பக்கவாட்டில் ஆடாமல் இருந்தால் போதும். பந்து போன பிறகு தோளோடு சேர்ந்து தலையும் எழட்டும்.

பிடியை இறுக்குவதும் இதே ரகம். முன்கை நரம்பு புடைத்தால் இறுக்கம் அதிகம். பனி இறங்கினால் கிளப் வழுக்கும், கையும் பயத்தில் இறுகும். ஒரு துண்டை ஜிப் போட்ட பைக்குள் நனையாமல் வைத்திருங்கள், அவ்வளவுதான்.

மலையில் உண்மையான பரீட்சை சரிவில்தான். பயிற்சி ரேஞ்சின் சமதளத்தில் பழகிய கால் இங்கே திணறும். பந்து பாதத்தைவிட உயரத்தில் இருந்தால் இடப்பக்கம் போகப் பார்க்கும். கிளப்பைச் சற்றுக் கீழே இறக்கிப் பிடித்து, வலப்பக்கம் குறி வையுங்கள். பாதத்துக்குக் கீழே இருந்தால் வலப்பக்கம் போகும். முழங்காலை இன்னும் மடக்கி, அடித்து முடிக்கும்வரை அந்த மடக்கிலேயே இருங்கள். ஏற்றத்தில் அடிக்கும்போது தோள்களை மேட்டின் சாய்வுக்கு இணையாக வைக்க வேண்டும். பந்து உயரமாக எழுந்து சீக்கிரம் விழும் என்பதால் 7 அயர்ன் தூரத்துக்கு, இன்னும் தூரம் போகிற 6 அயர்ன் எடுங்கள். இறக்கத்தில் இதற்கு நேர் எதிர்: பந்து தாழ்வாகப் பாயும், பந்தை வலக்காலின் பக்கம் கொஞ்சம் தள்ளி வைத்து நிற்பது நல்லது. எந்தச் சரிவானாலும் முக்கால் ஸ்விங்தான். முழு ஸ்விங் போட்டுத் தடுமாறி உட்கார்ந்தவர்களில் நானும் ஒருவன்.

இன்னொன்று, குளிர். ஸ்வெட்டருக்கு மேல் ஜெர்கின் மாட்டிக்கொண்டு முதல் டீயில் நின்றால் தோள் பாதிதான் திரும்பும். திரும்பாத பாதியைக் கை அவசரப்பட்டு ஈடுகட்டும். தேர்ந்த ஆட்டக்காரர்கள் கிளப்பை மேலே கொண்டுபோக மூன்று பங்கு நேரம் எடுத்தால், இறக்க ஒரு பங்கு. நாமோ மேலே போகும்போதே பறக்கிறோம். ஜெர்கினைக் கழற்றி வைத்துவிட்டு, பத்து நிமிடம் உடம்பைச் சூடாக்கி, பிறகு பந்தைத் தொடுங்கள். குளிர்ந்த காற்றில் பந்தும் கொஞ்சம் குறைவாகவே போகும். அதைப் பார்த்துவிட்டு ஓங்க வேண்டாம்.

ஃபேர்வேயில் (டீக்கும் குழிக்கும் நடுவே புல் வெட்டிய பாதை) காட்டுமாடுகள் மேய வந்துவிட்டால் கத்தவும் கூடாது, கிட்டே போகவும் கூடாது. அவை நகரும்வரை காத்திருக்க வேண்டியதுதான். அந்த நேரத்தில் காலெடுத்து வைக்கும் பயிற்சியைப் பந்தில்லாமல் பத்துத் தடவை செய்து பார்க்கலாம்.