மேட்டடார் லாரியில் ஏர் எடுத்த டீசல் லைன்: என் அனுபவம்

ஏஇசி என்ற பிரிட்டிஷ் கம்பெனி செய்த மேட்டடார், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படைக்குப் பீரங்கி இழுத்த லாரி. போர் முடிந்து உபரியாக விற்கப்பட்டபோது அங்குள்ள பஸ் கம்பெனிகள் வாங்கி, கிரேன் பூட்டி, நடுவழியில் நின்ற பஸ்களை இழுத்துவர வைத்துக்கொண்டன. நான்கு சக்கரமும் இழுக்கும். டபுள் டெக்கருக்கும் அசராது. பழைய பஸ்களைக் காப்பாற்ற ஆள் உண்டு, அவற்றை இழுத்து வந்த லாரிகளோ நிறைய காயலான் கடைக்குப் போய்விட்டன. எனக்கு அது பெரிய வருத்தம்.

நாங்கள் பராமரிக்கும் வண்டி, நிறுத்தி வைத்து எடுத்தால் ஸ்டார்ட் ஆகும், கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடும். டீசல் லைனில் புகுந்த காற்றை வெளியேற்றிவிட்டால் ஓடும். மறுபடி அதே கதை. வெளியே ஒரு சொட்டு டீசல்கூட இல்லை. துப்பு அங்கேதான். டாங்கிக்கும் பம்புக்கும் நடுவே லைன் உறிஞ்சும், தள்ளாது. அதனால் இடைவெளி இருந்தால் டீசல் வெளியே வராமல் காற்று உள்ளே போகும்.

லைனில் ஒரு துண்டு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் டியூபை மாட்டினேன். குமிழிகள் வரிசையாக ஓடின. டாங்கிப் பக்கத்திலிருந்து ஒவ்வொரு இணைப்பாகப் பார்த்ததில், ஒரு பாஞ்சோ போல்ட்டின் (குழாயை இணைக்கும், நடுவில் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர்கள் இறுகிக் கெட்டித்துப் போய், காற்றை அடைக்காமல் இருந்தன. மங்கிய சிவப்பு வரும்வரை சூடாக்கித் தண்ணீரில் போட்டேன், செம்பு மிருதுவாகும். மேலே படிந்த கறுப்புப் படலத்தை நைஸ் எமரித் தாளில் தேய்த்து மாட்டினேன். சரி, குமிழி நின்றது.

புது பிளாஸ்டிக் லைன் போடச் சிலர் சொன்னார்கள். பழைய செம்புக் குழாய் நன்றாக இருக்கும்போது அதை மாற்ற எனக்கு மனமில்லை.