மலையிறங்கும் நாளை முதலில் குறியுங்கள்: ஏற்காட்டுக் கர்ப்பிணிகளுக்கான பரிசோதனையும் பிரசவத் திட்டமும்

சேலம் நகருக்குள் வசிக்கும் ஒரு கர்ப்பிணிக்கு இடுப்புவலி எடுத்தால் ஆட்டோவில் கால் மணி நேரத்தில் மருத்துவமனை வாசலை அடைந்துவிடலாம். சேர்வராயன் மலையில் நாகலூரிலோ மஞ்சக்குட்டையிலோ இருப்பவருக்கு அப்படி அமைவதில்லை. முதலில் ஏற்காட்டுக்கு வர வேண்டும். அங்கே போதாது என்றால் இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து அடிவாரம் இறங்கி, அதன் பிறகு நகருக்குள் செல்ல வேண்டும். என் தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடான மலைக்கு வந்திருந்தபோது, டிசம்பர் மாத இரவொன்றில் வலி தொடங்கியது. சூட்டுவலியாக இருக்கும் என்று சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்துக் காத்திருந்தோம். ஜீப் கிடைத்துப் புறப்பட்டபோது பனிமூட்டம் வழியை மறைத்திருந்தது. பாதி வழியிலேயே பனிக்குடம் உடைந்துவிட்டது. குழந்தையும் நானும் பிழைத்தோம் என்றாலும், அன்று பட்ட அச்சத்தை வேறொரு பெண் படக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். மலையில் இருப்பவர் பிரசவத் தேதியை மட்டும் குறித்துவைத்தால் போதாது. மலையிறங்கும் தேதியையும் குறிக்க வேண்டும். மாதாமாதம் செய்யும் பரிசோதனைகள் அந்தத் தேதியைத் தீர்மானிக்கவும் உதவுகின்றன.

கடைசி மாதவிலக்கின் முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் உத்தேசப் பிரசவத் தேதி கிடைக்கும். அந்த நாள் மார்ச் 10 என்றால் பிரசவம் டிசம்பர் 17-ஐ ஒட்டி வரும். வடகிழக்குப் பருவமழையின் பிற்பகுதியும் காப்பிப் பழம் பறிக்கும் பருவமும் அதுவே; சாலையில் மண் சரியக்கூடும், வீட்டில் எல்லோரும் தோட்ட வேலைக்குப் போயிருக்கக்கூடும். 2024 டிசம்பர் தொடக்கத்தில் பெய்த பெருமழையில் ஏற்காட்டு மலைப்பாதையில் மண்சரிவு ஏற்பட்டுப் போக்குவரத்து நின்றதை இங்குள்ளோர் அறிவர். தேதியைக் கணக்கிட்ட அன்றே, அந்த மாதத்தில் மலைப்பாதை எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

மாதவிலக்கு தள்ளிப்போனதும் கிராம சுகாதார செவிலியரிடம், அதாவது நம் ஊர் நர்சம்மாவிடம், தெரிவித்து, கர்ப்பிணிகளைப் பதிவு செய்யும் அரசு இணையதளமான பிக்மியில் பதிவு செய்துகொள்ளுங்கள். அப்போது கிடைக்கும் ஆர்.சி.எச். எண்ணைப் பத்திரமாக வைத்திருங்கள். மருத்துவமனையில் சேரும்போதும், குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் பெறும்போதும் அதைக் கேட்பார்கள். 12 வாரங்களுக்குள் பதிவது எல்லா வகையிலும் நல்லது. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தில் முதல் இரண்டு பிரசவங்களுக்கு வழங்கப்படும் 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவியைப் பெறவும் (இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பும் இதில் அடக்கம்) இந்த முன்பதிவு தேவை. மூன்று மாதம் முடியும்வரை வெளியே சொல்லக்கூடாது என்று பெரியவர்கள் விரும்புவதுண்டு. உறவினரிடம் சொல்லாமல் இருக்கலாம். நர்சம்மாவிடம் மறைக்க வேண்டாம்.

அரசு வழிகாட்டுதலின்படி குறைந்தது நான்கு பரிசோதனைகள் தேவை: 12 வாரங்களுக்குள் ஒன்று, 14 முதல் 26 வாரங்களுக்குள் ஒன்று, 28 முதல் 34 வாரங்களுக்குள் ஒன்று, 36 வாரத்துக்குப் பின் ஒன்று. உலக சுகாதார நிறுவனம் 2016 முதல் எட்டு முறை என்று பரிந்துரைக்கிறது. முடிந்தவர்கள் மாதம் ஒருமுறையும், கடைசி மாதத்தில் வாரம் ஒருமுறையும் செல்வதே நல்லது. ஒவ்வொரு மாதமும் 9-ஆம் தேதி பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவ நிலையங்களில் மருத்துவரே கர்ப்பிணிகளைப் பரிசோதிக்கிறார். மலையிலிருந்து போவோர் அந்த நாளை நாட்காட்டியில் வட்டமிட்டு வைத்தால், ஒரே பயணத்தில் பல வேலைகள் முடியும்.

முதல் முறை இரத்தப் பிரிவு, ஹீமோகுளோபின், சர்க்கரை, சிறுநீர், எச்.ஐ.வி., சிபிலிஸ், மஞ்சள் காமாலை பி ஆகியவற்றுக்கான பரிசோதனைகள் செய்யப்படும். இரத்தப் பிரிவு நெகட்டிவ் என்றால் அதைத் தாய் சேய் அட்டையில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். கணவரின் பிரிவு பாசிட்டிவாக இருந்தால் 28 வாரத்தை ஒட்டியும், குழந்தை பாசிட்டிவாகப் பிறந்தால் 72 மணி நேரத்துக்குள்ளும், தாயின் உடல் குழந்தையின் இரத்தத்தை எதிர்க்காமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசி தேவைப்படலாம். சர்க்கரைக்காக 75 கிராம் குளுக்கோஸ் கரைத்துக் குடித்து இரண்டு மணி நேரம் கழித்து இரத்தம் எடுப்பார்கள். அளவு 140-ஐ எட்டினால் கர்ப்பகாலச் சர்க்கரை எனக் கொள்வார்கள். 24 முதல் 28 வாரங்களில் இதைத் திரும்பச் செய்வர். அந்த இரண்டு மணி நேரக் காத்திருப்பையும் கணக்கில் வைத்துக் காலை முதல் பேருந்திலேயே கிளம்புங்கள். குழந்தையின் உறுப்புகளைப் பார்க்கும் ஸ்கேனை 18 முதல் 20 வாரங்களுக்குள் எடுப்பது வழக்கம். நம் எடுத்துக்காட்டில் அது ஜூலை மாதம். மழை வலுப்பதற்கு முன்பே கீழே சென்று முடித்துவிடலாம். ஆணா பெண்ணா என்று கேட்பதும் சொல்வதும் சட்டப்படி குற்றம்.

இரத்தசோகையை யாரும் சிறிதாக எண்ண வேண்டாம். ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் இரத்தசோகை, 7-க்குக் கீழே போனால் அது கடுமையானது. பிரசவத்தின்போது ஓரளவு இரத்தம் போவது இயல்பு. உடலில் ஏற்கெனவே குறைவாக இருப்பவரால் அதைத் தாங்க முடியாது, மலைப்பாதையில் தாமதமாகும் ஒவ்வொரு நிமிடமும் ஆபத்தைக் கூட்டும். நான்காம் மாதத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரையைத் தவறாமல் விழுங்குங்கள். நம் மலையில் காப்பி தண்ணீர்போலப் புழங்குகிறது. காப்பியும் தேநீரும் இரும்புச்சத்து உடலில் சேர்வதைத் தடுக்கும் என்பதால், மாத்திரைக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது அவற்றைத் தவிர்த்து, எலுமிச்சைச் சாறோ கொய்யாப்பழமோ எடுத்துக்கொள்ளுங்கள். கால்சியம் மாத்திரையை அதே வேளையில் போட வேண்டாம். மலம் கறுப்பாகப் போவது கண்டு மாத்திரையை நிறுத்துவோர் பலர், அது இயல்பானதுதான். மாத்திரையால் அளவு ஏறாவிட்டால் நரம்பு வழியாக இரும்புச்சத்து மருந்து ஏற்றுவார்கள், அதற்கு நேரம் வேண்டும் என்பதாலேயே ஏழாம் மாதத்துக்குள் அளவை அறிந்திருப்பது அவசியம்.

இந்த முடிவுகளை வைத்துத்தான் எங்கே பிரசவம் என்பது முடிவாகும். இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல், முந்தைய சிசேரியன், இரட்டைக் குழந்தை, கடுமையான இரத்தசோகை, குழந்தை தலைகீழாகத் திரும்பாமல் இருத்தல் ஆகியவற்றுள் ஒன்று இருந்தாலும், அறுவை அரங்கும் இரத்த வங்கியும் உள்ள பெரிய மருத்துவமனையே ஏற்றது. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அத்தகையது. எந்தச் சிக்கலும் இல்லாதவரைக் குறித்து மருத்துவரே வழிகாட்டுவார். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப்போகும் வழக்கம் நமக்கு உண்டு. ஆனால் தாய்வீடு மலையிலும் புகுந்த வீடு சேலத்திலும் இருந்தால், வளையல் போட்டு அழைத்துச் செல்வதற்கு முன்பே பிரசவம் எங்கே என்று இரு வீட்டாரும் அமர்ந்து பேசிவிட வேண்டும். பேறுகாலத்துக்கு மட்டும் அம்மா கீழே வந்து தங்கினால் முறை கெட்டுவிடாது.

இறங்கும் நாள் என்னவென்று மருத்துவரிடமே கேளுங்கள். 37 வாரத்துக்குப் பின் எந்த நாளிலும் வலி எடுக்கலாம் என்பதால், 36 வாரம் நிறைந்ததும் அடிவாரத்திலோ நகரிலோ உறவினர் வீட்டுக்கு வந்துவிடுவதே என் கருத்து. நம் எடுத்துக்காட்டில் அது நவம்பர் மூன்றாம் வாரம். அப்படித் தங்க இடம் இல்லாதவர்கள் பிரசவக் காத்திருப்பு அறை வசதி கிடைக்குமா என்று நர்சம்மாவிடம் விசாரியுங்கள்; மலைப்பகுதிக்கென்றே ஏற்படுத்தப்பட்ட ஏற்பாடு அது. ஊரை விட்டுக் கிளம்பும்போது அவரிடம் சொல்லிவிட்டுப் போனால், கீழே உள்ள செவிலியர் உங்கள் ஆர்.சி.எச். எண்ணை வைத்தே தொடர்வார்.

எட்டாம் மாத முடிவுக்குள் பை தயாராக இருக்கட்டும்: தாய் சேய் அட்டை, ஸ்கேன் அறிக்கைகள், ஆதார், வங்கிப் புத்தகம், துவைத்த பருத்தித் துணிகள், குளிருக்குக் கம்பளி. உடன் வரும் பெண் யார், வீட்டில் மூத்த குழந்தையைப் பார்ப்பது யார், இரத்தம் தேவைப்பட்டால் கொடுப்பவர்கள் யார் என்று பெயரோடு முடிவு செய்யுங்கள். 108-ஐ அழைக்கும்போது ஊரோடு எஸ்டேட் பெயரையும், வண்டி வந்து நிற்கக்கூடிய இடத்தையும் சொல்ல வேண்டும். செல்பேசிக்கு எந்த இடத்தில் சிக்னல் கிடைக்கிறது என்பதையும் முன்கூட்டியே பார்த்துவையுங்கள்.

இரத்தப்போக்கு, பனிக்குட நீர் கசிவு, கண்மங்கலோடு கூடிய கடுந்தலைவலி, முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் எது தென்பட்டாலும், விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கிளம்புங்கள். வலி சீராக வரத் தொடங்கினாலும் அப்படியே; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வரும்வரை வீட்டில் இருக்கலாம் என்பது நகரத்தில் இருப்பவருக்கான அறிவுரை.

பிரசவத்துக்குப் பின் குறைந்தது 48 மணி நேரம் மருத்துவமனையில் தங்கி, குழந்தைக்கு முதல் தடுப்பூசிகளைப் போட்டுக்கொண்டு புறப்படுங்கள். அரசு மருத்துவமனையில் பிரசவித்தவருக்கு வீடு திரும்ப இலவச வாகன வசதி உண்டு, கேட்டு வாங்குங்கள். மலையேறி வீடு சேர்ந்த அன்றே நர்சம்மாவுக்கும் தகவல் சொல்லிவிடுங்கள். அடுத்த ஆறு வாரங்களுக்கு அவர் வந்து தாயையும் குழந்தையையும் பார்க்க வேண்டும்.