பக்கவாதத்துக்குப் பின் இறுகும் காலைத் தளர்த்தும் பயிற்சி

பக்கவாதம் தாக்கிய சில வாரங்களில், துவண்டு கிடந்த கால் மெல்ல விறைக்கத் தொடங்கலாம். முழங்கால் மடங்க மறுக்கும், பாதம் கீழ்நோக்கியும் உட்புறமாகவும் திரும்பிக்கொள்ளும். மூளையிலிருந்து வரும் கட்டுப்பாடு குறைந்துபோனதால் தண்டுவடத்தின் அனிச்சைச் செயல் தடையின்றித் தசையைச் சுருக்குவதே இதற்குக் காரணம். எவ்வளவு வேகமாக இழுக்கிறோமோ அவ்வளவு பலமாக எதிர்ப்பது இந்த இறுக்கத்தின் இயல்பு. அன்பின் அவசரத்தில் வீட்டார் காலை வெடுக்கென்று இழுத்து நீட்டுவதுதான் என்னை மிகவும் வருத்துகிறது, ஏனெனில் அந்த இழுப்பே தசையை மேலும் இறுக்குகிறது.

கெண்டைக்காலைத் தளர்த்த, பாதிக்கப்பட்டவரை மல்லாந்து படுக்கவைத்து முழங்காலை நீட்டி வையுங்கள். ஒரு கையால் காலைத் தாங்கிக்கொண்டு, மற்றக் கையின் உள்ளங்கையில் குதிகாலை ஏந்தி, உங்கள் முன்கை அவருடைய பாதத்தின் அடிப்புறம் முழுவதும் படியுமாறு வைத்துக்கொள்ளுங்கள். பிறகு குதிகாலை உங்கள் பக்கம் இழுத்தபடியே, முன்கையால் பாதத்தை அவருடைய முழங்காலை நோக்கி மிக மெதுவாகச் சாய்த்து, எதிர்ப்பு தெரியும் இடத்தில் நிறுத்தி, 30 முதல் 60 விநாடிகள் வரை அப்படியே பிடித்திருங்கள். விரல்களுக்குக் கீழுள்ள பகுதியை மட்டும் அழுத்தினால் தசை இன்னும் விறைக்கக்கூடும். பாதம் படபடவென்று உதறினால் பதறாமல், நிதானமாகப் பிடியைத் தளர்த்திவிட்டு மறுபடி தொடங்குங்கள். இதே பயிற்சியை முழங்காலைச் சற்று மடக்கியும் செய்ய வேண்டும். கெண்டைக்காலின் ஆழத்திலுள்ள தசை அப்போதுதான் நன்றாக நீளும்.

கையால் நீட்டுவதோடு நின்றுவிடக் கூடாது. இயன்முறை மருத்துவர் அனுமதித்தால், உறுதியான மேசையைப் பற்றிக்கொண்டு, குதிகால் தரையில் பதிய, பாதிக்கப்பட்ட காலிலும் எடை விழும்படி சில நிமிடங்கள் நிற்கச் செய்யுங்கள். அருகில் ஒருவர் எப்போதும் இருக்க வேண்டும். நாற்காலியிலிருந்து எழுந்து அமரும் பயிற்சி காலுக்கு வலுவூட்டும். உடற்பயிற்சி இறுக்கத்தைக் கூட்டிவிடும் என்ற பழைய அச்சம் தேவையற்றது.

இறுக்கம் திடீரென்று கூடினால், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப்புண், சதைக்குள் வளர்ந்த நகம், இறுக்கமான காலணி ஆகியவற்றில் ஏதேனும் உள்ளதா என்று முதலில் தேடுங்கள், ஏனெனில் உணர்ச்சி மங்கிய காலில் வலிக்குப் பதிலாக விறைப்பே வெளிப்படலாம். ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகிச் சிவந்திருந்தால், இரத்தக்கட்டி இருக்கக்கூடும் என்பதால் தேய்க்கவோ நீட்டவோ செய்யாமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள்.

பயிற்சியால் மட்டும் அடங்காத இறுக்கத்துக்கு பேக்லோஃபென் போன்ற மாத்திரைகளும் போட்டுலினம் ஊசியும் உள்ளன. ஊசியின் பலன் ஏறத்தாழ 3 மாதங்களே நீடிக்கும் என்பதால், தசை தளர்ந்திருக்கும் அந்த நாட்களில்தான் நீட்டல் பயிற்சியையும் நடைப்பயிற்சியையும் ஒரு நாளும் விடாமல் செய்ய வேண்டும்.