சாரல் காலத்து போர்டில் எஸ்எம்டி பாகம் மாற்றுவது

ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய் வழியாகச் சாரல் இறங்கும்போது செங்கோட்டை, தென்காசிப் பக்கம் எலக்ட்ரானிக் போர்டுகளில் ஈரம் ஏறிவிடும். அப்படிப் பழுதாகி வரும் போர்டில் முதல் வேலை எதையும் கழற்றுவது அல்ல. பழைய பல்துலக்கும் பிரஷ்ஷை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் நனைத்து, பச்சை பூத்த இடங்களையும் வெள்ளைப் பொடி படிந்த இடங்களையும் தேய்த்துக் கழுவி, நன்றாக உலர்த்திய பிறகு சோதித்துப் பாருங்கள். அழுக்கு வழியே கரண்ட் கசிந்துதான் பழுது என்றால் அதோடு வேலை முடிந்தது.

எஸ்எம்டி பாகத்தை, அதாவது துளையில் செருகாமல் போர்டின் மேலேயே ஒட்டிய பாகத்தை, மாற்றத்தான் வேண்டும் என்றால் சூடான காற்று வீசும் ஹாட் ஏர் மிஷின் இல்லாமலே பெரும்பாலான வேலை நடக்கும். 25 வாட் சால்டரிங் அயர்ன், 0.5 அல்லது 0.8 மி.மீ. தடிமனில் 63/37 ஈயக்கம்பி (வெள்ளீயம் 63, ஈயம் 37 பங்கு), வளைந்த முனை ட்வீசர், 2 மி.மீ. விக் (ஈயத்தை உறிஞ்சும் செப்புப் பின்னல்), மல்டிமீட்டர், நல்ல ரோசின் ஃப்ளக்ஸ் (ஈயம் பிடிக்க உதவும் பசை) போதும். காசு குறைவாக இருந்தால் அயர்னில் மிச்சம் பிடியுங்கள், ஃப்ளக்ஸில் பிடிக்காதீர்கள். குழாய் ஒட்டும் ஆசிட் ஃப்ளக்ஸ் மட்டும் வேண்டவே வேண்டாம். அதன் மிச்சம் செம்பை அரித்துக்கொண்டே இருக்கும். விக் தீர்ந்துவிட்டால் பழைய வயரின் மெல்லிய செப்பு இழைகளைப் பின்னி ஃப்ளக்ஸில் தோய்த்தால் அதுவும் ஈயத்தை உறிஞ்சும்.

அடாப்டர், பல்ப் போர்டுகளில் 230 வோல்ட் ஏசி திருத்தப்பட்டு பெரிய கெப்பாசிட்டரில் சுமார் 325 வோல்ட் டிசியாக நிற்கும். பிளக்கை உருவிய பிறகும் அது இருக்கும். 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டரை அதன் இரு கால்களிலும் சில நொடி பிடித்து வடித்து, மீட்டரில் பார்த்துவிட்டு, அப்புறம் கை வையுங்கள்.

இன்றைய போர்டுகளில் இருக்கும் ஈயமில்லாத சால்டர் 217 டிகிரிக்கு மேல்தான் உருகும். நம் 63/37 கம்பி 183 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால் எதைக் கழற்றுவதாக இருந்தாலும் முதலில் அதன் கால்களில் நம் ஈயத்தைத் தாராளமாக ஏற்றுங்கள். இரண்டும் கலந்தால் உருகும் வெப்பம் இறங்கும், சூடு பிடித்து நிற்கும் நேரமும் கூடும். 0603, 0805 அளவு ரெசிஸ்டர்களுக்கு இரு முனையையும் சேர்த்து ஒரே ஈயக்குமிழாக்கி, அயர்ன் நுனியைப் பக்கவாட்டில் படுக்க வைத்தால் பாகம் தானே நகர்ந்து வரும். வராவிட்டால் நெம்பாதீர்கள். ஈயம் இன்னும் முழுதாக உருகவில்லை என்று பொருள். நெம்பினால் பேட், அதாவது கால் ஒட்டும் செப்புத் திட்டு, உரிந்துவிடும்.

எட்டுக் கால் ஐசிக்கு வீட்டு வயரிங்கின் 1 சதுர மி.மீ. செப்புக்கம்பி கை கொடுக்கும். தோலை உரித்து, இரண்டு வரிசைக் கால்களையும் தொடுகிற மாதிரி ஐசியைச் சுற்றி வளையுங்கள். ஃப்ளக்ஸ் பூசி, கம்பியும் கால்களும் ஈயத்தில் முழுகும்படி நிரப்பி, அயர்னைச் சுற்றிச் சுற்றி ஓட்டினால் கம்பி சூட்டை எட்டுக் காலுக்கும் கொண்டுபோகும். எல்லாம் ஒன்றாக மின்னும் நேரத்தில் ஐசியைத் தூக்குங்கள். ஐசி செத்தது உறுதி என்றால் இந்தப் பாடே வேண்டாம். கூர்மையான சிறிய கட்டரால் கால்களை வெட்டிவிட்டு, மிச்சத்தை ஒவ்வொன்றாக உருக்கி எடுப்பதுதான் பேட்களுக்குப் பாதுகாப்பு.

எல்இடி பல்பின் அலுமினியத் தட்டில் அயர்ன் மட்டும் எடுபடாது; தட்டு சூட்டை இழுத்துக்கொள்ளும். இஸ்திரிப் பெட்டியை அசையாதபடி கவிழ்த்து நிறுத்தி, அதன் மேல் தட்டை வைத்துச் சூடேற்றுங்கள். ஈயம் உருகியதும் கெட்ட எல்இடியை எடுத்து, புதியதைப் பிளஸ் மைனஸ் பார்த்து வைத்து, தட்டை அசைக்காமல் இறக்குங்கள். 2835 அளவு ஒன்றாக இருந்தாலும் 3, 6, 9, 18 வோல்ட் என்று பல வகை உண்டு. பக்கத்து எல்இடி எத்தனை வோல்ட் என்று பார்க்காமல் மாற்றினால் அதுவும் போய்விடும்.

பொருத்தும்போது ஒரு பேடில் மட்டும் சிறிது ஈயம் வைத்து, அதை உருக்கிப் பாகத்தை நிறுத்தி, மறுமுனையை ஒட்டிவிட்டு முதல் முனைக்குத் திரும்புங்கள். ஐசியில் புள்ளி இருக்கும் பக்கம் முதல் கால். எதிரெதிர் மூலைகளை முதலில் பிடிக்க வையுங்கள். செராமிக் கெப்பாசிட்டரின் உடம்பில் அயர்ன் படக்கூடாது. திடீர்ச் சூட்டில் உள்ளே விரிசல் விழுந்து, பின்னாளில் ஷார்ட் ஆகும். அதன் மேல் எண்ணும் இருக்காது. அதனால் மாற்று கெப்பாசிட்டரை அதே மாடல் செத்த போர்டில் அதே இடத்திலிருந்து எடுங்கள், மதிப்பை மீட்டர் காட்டினாலும் அது தாங்கும் வோல்ட்டைக் காட்டாது. விக்கை பேட் மேல் தேய்க்காதீர்கள். அயர்னையும் விக்கையும் ஒன்றாகத் தூக்குங்கள். விக் ஆறி ஒட்டிக்கொண்டால் பேடையும் பிடுங்கிக்கொண்டு வரும்.

ஹாட் ஏர் வைத்திருப்பவர்கள் சாரலில் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். பிளாஸ்டிக் ஐசி காற்றின் ஈரத்தை உறிஞ்சும், திடீர்ச் சூட்டில் அந்த ஈரம் ஆவியாகி உறையைப் பிளக்கும். பாக்கெட்டில் எம்எஸ்எல் 3 (ஈரத்தை எவ்வளவு தாங்கும் என்ற தரநிலை) என்று அச்சிட்ட ஐசியை, அதைப் பிரித்த பிறகு 30 டிகிரி, 60 சதவீத ஈரப்பதம் என்ற வரம்புக்குள் 168 மணி நேரம்தான் வெளியே வைக்கலாம். சாரல் நாளில் காற்றின் ஈரம் அந்த வரம்பைத் தாண்டும். மீந்த ஐசிகளை சிலிக்கா ஜெல்லோடு இறுக மூடும் டப்பாவில் போடுங்கள்.

முதல்முறை கரண்ட் கொடுக்கும்போது 60 வாட் குண்டு பல்பை சீரியஸில் போடுங்கள். ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டே இருந்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. உடனே உருவிவிட்டு, கடைசியாக ஒட்டிய கால்களுக்கு நடுவே ஈயப்பாலம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.