ஆன்டிபயாட்டிக்: ஒவ்வொரு மருந்துக்கும் ஒவ்வொரு கணக்கு – தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவர் எழுதிக்கொடுத்த ஆன்டிபயாட்டிக்கைத் தவறாகச் சாப்பிடுகிறவர்களில் பெரும்பாலோர் அலட்சியக்காரர்கள் அல்லர். முன்பு எப்போதோ ஒரு மருந்துக்குச் சொல்லப்பட்ட வழிமுறையை அவர்கள் எல்லா மருந்துக்கும் பொருத்திக்கொள்கிறார்கள். அமாக்சிசிலின், அசித்ரோமைசின், டாக்சிசைக்ளின், சிப்ரோஃபிளாக்சசின், மெட்ரோனிடசோல் ஆகிய அனைத்தையும் ஒரே பெயரால் அழைத்தாலும், இவை வேதியியல் அமைப்பில் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. எதை உணவுடன் சாப்பிட வேண்டும், எதைப் பாலிலிருந்து விலக்க வேண்டும், எத்தனை நாள் சாப்பிட வேண்டும், எந்த அறிகுறி தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும் என்பவை மருந்துக்கு மருந்து மாறுகின்றன. ஆகவே மருத்துவரிடமிருந்து எழுந்து வருமுன் இரண்டு கேள்விகளைக் கேட்பது நல்லது: இந்த மருந்தின் பெயர் என்ன, எந்த நோய்க்காகக் கொடுக்கிறீர்கள்? இப்படிக் கேட்டால் மருத்துவர் தவறாக நினைத்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டியதில்லை. ஆன்டிபயாட்டிக் எழுதும்போது அதற்கான காரணத்தையும் சீட்டில் குறிப்பிட வேண்டும் என்று மத்திய அரசின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகமே 2024 ஜனவரியில் மருத்துவர்களைக் கேட்டுக்கொண்டது.

மருந்தின் பெயரைத் தெரிந்துகொள்வதற்கு முதல் தடை மருந்துக்கடையிலேயே இருக்கிறது. ஐந்து மாத்திரை போதும் என்றால் அட்டையைக் கத்தரித்துத் தருகிறார்கள். மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் அச்சிட்ட பகுதி பெரும்பாலும் கடையிலேயே தங்கிவிடுகிறது. பின்னர் உடலில் தடிப்பு எழுந்து வேறொரு மருத்துவரிடம் போகும்போது, “வெள்ளை மாத்திரை, நீளமாக இருந்தது” என்பதற்கு மேல் நம்மால் எதுவும் சொல்ல முடிவதில்லை. பெயருள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். அது முடியாவிட்டால் முழு அட்டையையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளுங்கள். அட்டையின் இடப்பக்கம் செங்குத்தாகச் சிவப்புக் கோடு இருந்தால், அதை மருத்துவர் சீட்டில்லாமல் விற்கவோ வாங்கவோ கூடாது என்று பொருள். சளி, சாதாரண ஃபுளூ, டெங்கு, பெரும்பாலான தொண்டை வலி ஆகியவை வைரஸால் வருபவை. அவற்றின் மீது எந்த ஆன்டிபயாட்டிக்குக்கும் வேலையில்லை. போன மாதம் மிஞ்சிய இரண்டு மாத்திரையை இந்த மாதக் காய்ச்சலுக்குப் போட்டுக்கொள்வது நோயைக் குணப்படுத்தாது. பக்கவிளைவை மட்டும் தரும். இரத்தப் பரிசோதனையில் கிருமி வளராமல் செய்து, நோய் இன்னதென்று கண்டறிவதையும் அது கடினமாக்கிவிடும்.

அடுத்த தவறு நேரக் கணக்கில் நிகழ்கிறது. சீட்டில் 1-1-1 என்று எழுதியிருந்தால் காலை, மதியம், இரவு என்று நாம் படிக்கிறோம். காலை 9 மணிக்கு ஒன்று, பகல் 1 மணிக்கு ஒன்று, இரவு 8 மணிக்கு ஒன்று என்று சாப்பிட்டால், இரவு மாத்திரைக்கும் மறுநாள் காலை மாத்திரைக்கும் நடுவே 13 மணி நேரம் விழுந்துவிடுகிறது. அமாக்சிசிலின் போன்ற பென்சிலின் வகை மருந்துகள் இரத்தத்தில் ஓரளவுக்கு மேல் தொடர்ந்து இருந்தால்தான் கிருமியைக் கொல்லும். அளவு குறைந்துபோன இடைவெளியில் கிருமி மீண்டும் பெருகத் தொடங்கும். காலை 6, பகல் 2, இரவு 10 என்று வைத்துக்கொள்வதே மூன்று வேளை மருந்துக்குச் சரியான பங்கீடு. 1-0-1 என்றால் ஏறக்குறைய 12 மணி நேர இடைவெளி. ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவுக்கு வந்தவுடன் சாப்பிடலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டிருந்தால் விட்டதை விட்டுவிட்டு வழக்கம்போலத் தொடர வேண்டும். விட்டதற்கு ஈடாக இரண்டை ஒன்றாக விழுங்கக் கூடாது.

உணவு விஷயத்தில் “எல்லா மாத்திரையும் சாப்பாட்டுக்குப் பின்” என்னும் நம் பொதுவிதி பாதிதான் சரி. அமாக்சிசிலினும் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைச் சாப்பாட்டின் தொடக்கத்தில் எடுத்துக்கொண்டால் குமட்டலும் வயிற்றுப்போக்கும் குறையும். சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கப்படும் நைட்ரோஃபுரான்டோயினையும் உணவுடன்தான் சாப்பிட வேண்டும். சீழ்க்கட்டிகளுக்கு எழுதப்படும் கிளாக்சசிலினோ வெறும் வயிற்றில், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பு எடுத்தால்தான் நன்றாக உறிஞ்சப்படும். அசித்ரோமைசின் மாத்திரைக்கு இந்தக் கட்டுப்பாடே இல்லை.

சிப்ரோஃபிளாக்சசினைப் பாலோடோ தயிரோடோ விழுங்கினால், அவற்றிலுள்ள சுண்ணாம்புச் சத்து மருந்தைப் பிடித்துக்கொண்டு குடலில் உறிஞ்சப்படாமல் தடுத்துவிடும். கால்சியம் மாத்திரை, இரத்தசோகைக்கான இரும்பு மாத்திரை, நெஞ்செரிச்சலுக்கு நாம் கேட்டுக்கூட வாங்கிக் குடிக்கும் ஆன்டாசிட் திரவம் ஆகியவை இதைவிடக் கூடுதலாகத் தடுக்கும். டாக்சிசைக்ளினுக்கும் இவற்றால் இதே பாதிப்பு உண்டு. மாத்திரை வயிற்றைப் புண்ணாக்கிவிடும் என்று பயந்து, ஆன்டாசிட்டை ஒரு மூடி குடித்துவிட்டு அதன் மேலேயே சிப்ரோஃபிளாக்சசினை விழுங்குகிறவர் மருந்தின் பெரும்பகுதியை வீணாக்குகிறார். பின்பு “மருந்து கேட்கவில்லை” என்று வேறு மருந்துக்குப் போகிறார். சிப்ரோஃபிளாக்சசினை இவற்றுக்கு இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் கழித்தோ எடுக்க வேண்டும். இரும்பு மாத்திரையை அந்த ஒரு வாரத்துக்கு நிறுத்திவைக்கலாமா என்று மருத்துவரிடமே கேட்டுவிடுவது இதைவிட எளிது.

ஸ்க்ரப் டைபஸ் எனப்படும் உண்ணிக் காய்ச்சலுக்கும் எலிக் காய்ச்சலுக்கும் முகப்பருவுக்கும் எழுதப்படும் டாக்சிசைக்ளினில் இன்னொரு சிக்கல் உண்டு. படுக்கப்போகும் நேரத்தில் ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கிவிட்டுச் சாய்ந்தால், மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு அங்கேயே கரைந்து புண்ணை உண்டாக்கும். மறுநாள் எச்சில் விழுங்கினாலே நெஞ்சு வலிக்கும். மாரடைப்போ என்று அஞ்சி மருத்துவமனைக்கு ஓடுகிறவர்களும் உண்டு. ஒரு முழு டம்ளர் தண்ணீருடன், உட்கார்ந்தோ நின்றோ விழுங்கி, அரை மணி நேரமாவது படுக்காமல் இருந்தால் இதைத் தவிர்த்துவிடலாம். இதே மருந்து தோலை வெயிலுக்கு எளிதில் கன்றச் செய்யும் என்பதால், வயலிலும் கட்டுமான இடத்திலும் வேலை செய்கிறவர்கள் முழுக்கைச் சட்டை அணிவது நல்லது. மெட்ரோனிடசோல், டினிடசோல் சாப்பிடும் நாள்களிலும், முடித்தபின் மூன்று நாள்கள் வரையிலும் மது கூடாது. முகம் சிவந்து, வாந்தியும் படபடப்பும் வரலாம்.

குழந்தைகளுக்கான சிரப்பில் நிகழும் தவறுகளைத் தனியாகச் சொல்ல வேண்டும். பொடியாக வரும் மருந்தை முதலில் நன்றாகக் குலுக்கி உதிர்த்துவிட்டு, கொதிக்கவைத்து ஆறிய நீரைக் குப்பியில் போட்டிருக்கும் கோடு வரை ஊற்றி, மீண்டும் குலுக்க வேண்டும். நுரை அடங்கியபின் மட்டம் இறங்கியிருந்தால் கோடு வரை நிரப்ப வேண்டும். சூடான நீரை ஊற்றினால் மருந்து சிதையும். குலுக்காமல் கொடுத்தால் முதல் நாள் நீர்த்த மருந்தும் கடைசி நாள் கெட்டியான மருந்தும் குழந்தைக்குப் போகும். கலக்கிய அமாக்சிசிலின்-கிளாவுலானிக் அமில சிரப்பைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து ஏழு நாளில் முடித்துவிட வேண்டும். மீதியை அடுத்த காய்ச்சலுக்கென்று எடுத்து வைக்கக் கூடாது. சமையலறைக் கரண்டி அளவுகருவி ஆகாது. குப்பியோடு வரும் மூடியோ ஊசியில்லா சிரிஞ்சோ வேண்டும். இவை எல்லாவற்றையும்விட எளிதில் ஏமாற்றுவது மருந்தின் செறிவு. அசித்ரோமைசின் சிரப் 5 மில்லியில் 100 மில்லிகிராம் உள்ளதாகவும் 200 மில்லிகிராம் உள்ளதாகவும் கிடைக்கிறது. மருத்துவர் எழுதியது ஒன்று, கடையில் இருந்தது மற்றொன்று என்றால், “5 மில்லி” என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்ட தாய் பாதி மருந்தையோ இரு மடங்கு மருந்தையோ கொடுத்துவிடுவார். மாத்திரையிலும் இது உண்டு. 625 என்பது 500 மில்லிகிராம் அமாக்சிசிலினும் 125 மில்லிகிராம் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்தது; அது இல்லையென்று 375 மாத்திரை இரண்டைக் கொடுத்தால் அமாக்சிசிலின் சரியாக இருக்கும், ஆனால் வயிற்றுப்போக்கை வரவழைக்கும் கிளாவுலானிக் அமிலம் இரட்டிப்பாகிவிடும்.

எத்தனை நாள் என்பதில் மருத்துவ உலகின் பார்வையே மாறியிருக்கிறது. எதுவானாலும் நீண்ட நாள் சாப்பிடுவதே பாதுகாப்பு என்று ஒரு காலத்தில் கருதப்பட்டது. இன்று கடுமையற்ற நிமோனியாவுக்கும் பெண்களின் சாதாரண சிறுநீர்த் தொற்றுக்கும் ஐந்து நாள் போதுமென்று எழுதுகிறார்கள். அதற்காக எல்லாவற்றையும் ஐந்து நாளில் நிறுத்திவிட முடியாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியால் வரும் தொண்டைப் புண்ணுக்குப் பென்சிலினைப் பத்து நாள் கொடுப்பது, பின்னாளில் இதய வால்வைக் கெடுக்கும் வாதக் காய்ச்சலைத் தடுப்பதற்காக. காசநோய்க்குக் குறைந்தது பல மாதங்கள். அசித்ரோமைசினை மூன்றே நாளில் முடிக்கச் சொன்னால் குறைவாகத் தோன்றலாம். ஆனால் அது திசுக்களில் தங்கி, கடைசி மாத்திரைக்குப் பின்னும் பல நாள் வேலை செய்யும். காய்ச்சல் விட்டதென்று நாமாக நிறுத்துவதும், எதற்கும் இருக்கட்டுமென்று நாமாக இரண்டு நாள் நீட்டிப்பதும் ஒரே வகைத் தவறுகள்தாம். மாத்திரை மிச்சமிருக்கையில் உடல் முற்றிலும் தேறிவிட்டால், நிறுத்தலாமா என்று எழுதிக்கொடுத்தவரிடம் கேட்கலாம்.

காய்ச்சல் குறையக் காத்திருப்பதிலும் இதே வேறுபாடு உண்டு. டைஃபாய்டில் சரியான மருந்து கொடுத்தபின்னும் காய்ச்சல் இறங்க நான்கைந்து நாள்கள் ஆவது இயல்பு. இரண்டாம் நாளே பொறுமையிழந்து மருத்துவரை மாற்றி, மருந்தை மாற்றி, மீண்டும் முதலிலிருந்து தொடங்குகிற குடும்பங்கள் ஏராளம். உண்ணிக் காய்ச்சலில் டாக்சிசைக்ளின் தொடங்கி 48 மணி நேரத்திலேயே பொதுவாகக் காய்ச்சல் இறங்கிவிடும். இறங்காவிட்டால் நோயே வேறாக இருக்கலாமென்று மருத்துவர்கள் யோசிப்பார்கள்.

பக்கவிளைவுகளில் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, எது பயப்பட வேண்டியதில்லை என்பதைத்தான். லேசான குமட்டல், ஓரிரு முறை இளகிய மலம், மெட்ரோனிடசோலால் வாயில் உலோகச் சுவை, காசநோய் மருந்தான ரிஃபாம்பிசினால் சிறுநீர் செம்மஞ்சளாவது, நைட்ரோஃபுரான்டோயினால் அது அடர்நிறமாவது ஆகியவற்றுக்காக மருந்தை நிறுத்த வேண்டியதில்லை. வாயில் வெண்படலமோ பிறப்புறுப்பில் அரிப்போ வந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைத் தொற்று, எளிதில் குணப்படுத்தக்கூடியது. ஆனால் ஒரு நாளில் பலமுறை தண்ணீராகப் போவது, இரத்தமோ காய்ச்சலோ கடும் வயிற்றுவலியோ சேர்ந்து வருவது வேறு செய்தி. குடலின் நல்ல கிருமிகள் அழிந்த இடத்தில் க்ளாஸ்ட்ரிடியாய்டஸ் டிஃபிசிலே என்னும் கிருமி பெருகியிருக்கலாம். மருந்தை முடித்துச் சில வாரங்கள் கழித்தும் இது வரும். அப்போது கடையில் வயிற்றுப்போக்கை நிறுத்தும் மாத்திரை வாங்கிப் போட்டால் நிலைமை மோசமாகலாம்.

மருந்து உள்ளே போன சில நிமிடங்களிலோ ஓரிரு மணி நேரத்திலோ உடலெங்கும் அரிப்புத் தடிப்பு, உதடோ நாக்கோ வீங்குவது, மூச்சுத் திணறல், தலைசுற்றி விழுவது ஆகியவை தோன்றினால் அது உயிருக்கு ஆபத்தான ஒவ்வாமை. ஒவ்வாமை மாத்திரை ஒன்றைப் போட்டுவிட்டுக் காத்திருப்பதே இங்கே நிகழும் பெரிய தவறு. தேவைப்படுவது அட்ரினலின் ஊசி. தமிழ்நாட்டில் 108-ஐயும் இலங்கையில் 1990-ஐயும் உடனே அழைக்க வேண்டும். தோல் எரிந்து வலிப்பது, கொப்புளம், வாயிலும் கண்ணிலும் புண் ஆகியவை மருந்து தொடங்கி ஒரு வாரத்திலிருந்து நான்கு வாரத்துக்குள் வரலாம்; சல்ஃபா வகை ஆன்டிபயாட்டிக்கான கோட்ரைமாக்சசோலால் இது வருவது அரிதென்றாலும் கேள்விப்படாததன்று. இதுவும் அதே நாளில் மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறிதான்.

சிப்ரோஃபிளாக்சசின், லீவோஃபிளாக்சசின் சாப்பிடுகையில் குதிகாலின் பின்புறம் வலித்தால், நடந்து சரிசெய்யப் பார்க்காமல் மருந்தை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். தசைநாண் அறுந்துபோகும் ஆபத்து உண்டு. 60 வயதைக் கடந்தவர்களுக்கும் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர்களுக்கும் அது அதிகம். கிளிமெப்பிரைடு போன்ற மாத்திரை சாப்பிடும் சர்க்கரை நோயாளிகளுக்கு இதே மருந்துகள் சர்க்கரையைத் திடீரென இறக்கிவிடலாம். இதய வால்வு மாற்றி இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மெட்ரோனிடசோலும் கோட்ரைமாக்சசோலும் இரத்தக் கசிவைக் கூட்டும். முடக்குவாதத்துக்கு மெத்தோட்ரெக்சேட் எடுப்பவருக்குக் கோட்ரைமாக்சசோல் பெரும் ஆபத்து. பல் மருத்துவரிடமோ காய்ச்சலுக்குப் பக்கத்துத் தெரு மருத்துவரிடமோ போகும்போது வழக்கமாகச் சாப்பிடும் மருந்துகளின் சீட்டை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போவதால்தான் இவை நேர்கின்றன.

ஒருமுறை வாந்தி வந்ததற்காகப் “பென்சிலின் எனக்கு ஒத்துக்கொள்ளாது” என்று வாழ்நாள் முழுதும் சொல்லிவருகிறவர்கள் இருக்கிறார்கள். பென்சிலின் ஒவ்வாமை உண்டென்று சொல்பவர்களைப் பரிசோதித்தால் பத்தில் ஒன்பது பேருக்கு அது இல்லையென்றே தெரியவருகிறது. இதற்கிடையே அவர்களுக்கு வீணாக விலை கூடிய, வீரியம் மிகுந்த மருந்துகள் எழுதப்படுகின்றன. உண்மையிலேயே ஒவ்வாமை உள்ளவரோ, ஆக்மென்டின் என்ற வணிகப் பெயருக்குள் இருப்பதும் பென்சிலின் வகைதான் என்று அறியாமல் வாங்கிச் சாப்பிட்டுவிடலாம். ஆகவே எந்த மருந்து, என்றைக்கு, எத்தனையாவது வேளையில், உடலில் என்ன ஆயிற்று என்பதை மருந்தின் பொதுப்பெயரோடு ஒரு தாளில் எழுதி, மருத்துவக் கோப்பில் வைக்க வேண்டும். இந்தியாவில் மருந்தின் பக்கவிளைவை நோயாளியே நேரடியாகத் தெரிவிக்கவும் வழி உண்டு. காசியாபாத்திலுள்ள இந்திய மருந்தியல் ஆணையம் நடத்தும் கண்காணிப்புத் திட்டத்தின் கட்டணமில்லாத் தொலைபேசி எண் 1800-180-3024.