தரையிறங்கிய பிறகு டாக்ஸியில் (விமானத்தைத் தரையில் ஓட்டிச் செல்லும்போது) தவிர்க்க வேண்டிய தவறுகள்

சக்கரம் தரையைத் தொட்டதும் பல பேருக்குக் கவனம் கலைந்துவிடுகிறது. விமானம் இன்னும் 50 நாட் வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போதே கை சுவிட்சுகளைத் தேடுகிறது. ரேடியோ அலைவரிசையைத் தப்பாக வைப்பது, விளக்கை அணைக்க மறப்பது போன்றவற்றை விட்டுவிடுவோம். விமானத்தை உடைக்கும் தவறுகள் வேறு.

ஓடும்போதே ஃபிளாப்பை மடக்குவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பது இதுதான். ஃபிளாப்பை, அதாவது மெதுவான வேகத்திலும் விமானத்தைத் தாங்க இறக்கையின் பின்விளிம்பில் இறக்கிவிடும் பலகையை, மடக்கினால் எடை சக்கரத்தில் இறங்கும், பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் அவசரத்தில் ஃபிளாப்புக்குப் பதில், சக்கரங்களை மடக்கும் கியர் லீவரை இழுத்துவிட்டால்?

இரண்டாம் உலகப் போரில் பி-17 குண்டுவீச்சு விமானிகள் பலர், தரையிறங்கிய பிறகு இப்படித்தான் சக்கரங்களை மடக்கினார்கள். இரண்டு சுவிட்சுகளும் ஒரே மாதிரி, பக்கத்தில் பக்கத்தில் இருந்ததே காரணம் என்று அமெரிக்க உளவியலாளர் அல்போன்ஸ் சபானிஸ் கண்டுபிடித்தார். கியர் லீவருக்குச் சக்கர வடிவமும் ஃபிளாப் லீவருக்கு இறக்கை வடிவமும் வந்தது அதற்குப் பிறகுதான். பழைய பொனான்சா ரகச் சிறு விமானங்களில் இந்த இரண்டும் மற்ற விமானங்களுக்கு நேர்மாறான இடத்தில் இருக்கும். வேறு விமானத்தில் பழகிய கை அங்கே ஏமாந்துபோகும்.

தரையில் கியர் மடங்காமல் தடுக்கும் ஸ்குவாட் சுவிட்ச் காப்பாற்றும் என்று நம்பாதீர்கள். சக்கரத்தைத் தாங்கும் காலான ஸ்ட்ரட் அமுங்கியிருந்தால்தான் அது கியரைத் தடுக்கும். வேகம் இருக்கும்வரை எடையில் ஒரு பங்கை இறக்கையே தாங்குவதால் ஸ்ட்ரட் முழுதாக அமுங்காது. லீவர் மேலே இருக்கும்போது ஒரு சின்ன மேடு தூக்கிப்போட்டால் போதும், சக்கரம் மடங்கிவிடும். ப்ரொப்பெல்லர் தரையில் அடிக்கும். அதை மட்டும் மாற்றினால் தீராது. இன்ஜினையே பிரித்து, அதன் சுழலும் தண்டான கிராங்க்‌ஷாஃப்ட்டைச் சோதிக்க வேண்டும்.

செஸ்னா 172-இல் கியர் மடங்காது என்பதால் அங்கே இந்தப் பழக்கம் தண்டனை இல்லாமல் வளர்கிறது. மடங்கும் கியர் உள்ள விமானத்துக்கு மாறும்போது கூடவே வருகிறது. ஆகவே முதல் நாளிலிருந்தே இப்படிச் செய்யுங்கள்: வால் உட்பட முழு விமானமும் ஓடுபாதைக்கு வெளியே வரைந்திருக்கும் ஹோல்டிங் கோட்டைத் தாண்டட்டும். நிறுத்துங்கள். லீவரில் கை வைத்து, பார்த்து, "ஃபிளாப்" என்று வாய்விட்டுச் சொல்லி, பிறகு நகர்த்துங்கள்.

காற்றை மறப்பது

மூக்குச் சக்கர விமானத்தில், காற்று இடது முன்பக்கத்திலிருந்து வந்தால் யோக்கை (கைப்பிடியை) இடதுபக்கம் திருப்பி, வாலிலுள்ள எலிவேட்டரை நடுவில் வையுங்கள். இடது பின்பக்கத்திலிருந்து வந்தால் யோக்கை வலதுபக்கம் திருப்பி முன்னால் தள்ளுங்கள். மேல் இறக்கை விமானங்களைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்தப் பின்பக்கக் காற்றுதான். ஓடுபாதையிலிருந்து திரும்பிய நொடியிலேயே காற்று வரும் பக்கம் மாறிவிடும். கையும் உடனே மாற வேண்டும்.

வேகமாகத் திரும்புவது

"அடுத்த வழியில் வெளியேறுங்கள்" என்று டவர் சொன்னதற்காக ஒரு பிரேக்கை ஓங்கி மிதிக்காதீர்கள். பக்கவாட்டு விசை கியரை முறிக்கும். வெளிப்பக்க இறக்கை நுனி தரையில் உரசும். "முடியாது, அதற்கடுத்த வழியில் போகிறேன்" என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

பிரேக்கை மிதித்தபடி பவர் கொடுப்பது

கூடாது. முதலில் த்ராட்டிலைக் குறையுங்கள்.

இறக்கை நுனிக்கு இடம் போதுமா என்ற சந்தேகம்

நின்றுவிடுங்கள். இன்ஜினை அணைத்துவிட்டு இறங்கி, கையால் தள்ளுங்கள்.